இடப்பக்கம் பறவைகள்

கிளைப்பேதாவில் ஆறரை மணிப் படகு.
கார்க் கதவைத் திறக்காமல்,
கண்ணாடிக்கு உள்ளிருந்தே சொல்கிறான் ரிமாந்தாஸ்:
"சின்ன ஆலா, நாலு."
எழுதிக்கொள்கிறேன்.

சொத்துப் பிரித்த நாளில்
தொலைநோக்கி அவனுக்கு, உருப்பெருக்கி எனக்கு.
இந்த நோட்டை மட்டும்
இரண்டு வக்கீல்களும் கேட்கவில்லை.
இடப்பக்கம் அவன் பறவைகள்,
வலப்பக்கம் என் பூச்சிகள்.
வருஷத்தில் ஒரு நாள், ஜூலையில்,
குர்ஷ் மணல்திட்டுக்கு வருகிறோம்.
அவனுடைய இப்போதைய மனைவி
எனக்கும் சேர்த்து ரொட்டி கட்டித் தருகிறாள்.
வெள்ளரிக்காய் அதிகம், உப்பு கம்மி.

இந்தப் பக்கம் பால்டிக் கடல்,
அந்தப் பக்கம் காயல்,
குறுக்கே நடக்க முக்கால் மணி நேரம்.
பைன் மரங்களுக்கு மேல் புகை.
புகையில்லை;
கொசுவின் சாயலில், கடிக்கத் தெரியாத பூச்சிகள்
கோடிக்கணக்கில் எழும்பி
ஒரே சுருதியில் நிற்கின்றன.
"எத்தனை என்று போடுவாய்?"
"மரத்துக்கு ஒன்று."

பத்து மணிக்கே மணல் சுடுகிறது.
அவன் கழுத்து மேல்நோக்கி, என் கழுத்து கீழ்நோக்கி.
ஒரே வீட்டில் இருந்தபோதும் இப்படித்தான் நடந்தோம்.
ஒருமுறைகூட மோதிக்கொண்டதில்லை,
அதுதான் வம்பு.

குழியானைப் பள்ளங்கள், பதினேழு.
ஒன்றின் விளிம்பில் எறும்பு
சறுக்குகிறது, ஏறுகிறது, சறுக்குகிறது.
அடியிலிருந்து மணலை வாரி எறிகிறது
கடுகளவுக் கொடுக்கு.
மூச்சைப் பிடித்துக் குனிந்திருக்கிறேன்.
எறும்பு தப்பிவிடுகிறது.
குழியானை இனிச் சரிந்த சுவரைச் செப்பனிட வேண்டும்.
நான் யார் கட்சி என்று
கடைசிவரை தெரியவில்லை.

அலையோரம் கருவயிற்று உள்ளான்கள்.
"தெற்கே கிளம்பிவிட்டன," என்கிறான்.
"இன்று பன்னிரண்டாம் தேதிதானே?"
"இவற்றுக்குக் கோடை முடிந்தாயிற்று.
குஞ்சு பொரிக்காத ஜோடிகள்தான்
முதலில் கிளம்பும்..."
பாதியில் நிறுத்திக்கொள்கிறான்.
அலை ஒன்று வந்து போகிறது.
நாற்பத்திரண்டு, என்று எழுதுகிறேன்.

மூன்று மணி. காயல் பக்கம், நாணல்.
ஒரு தட்டான்.
பச்சை மார்பு, நீல வால், வால் நெடுகக் கரிக்கோடு.
உள்ளங்கை நீளம்.
பதினாறு வருஷமாக வலப்பக்கத்தில்
காலியாகவே விட்டுவந்த வரி.
"ரிமா, அதோ" என்று வாயெடுப்பதற்குள்
நாணலுக்கு மேல் ஒரு கறுப்பு அரிவாள்.
வல்லூறு.
கால் முன்னே நீண்டது, அவ்வளவுதான்.
பறந்தபடியே தலைகுனிந்து தின்கிறது,
வறுத்த கடலையைத் தோல் ஊதித் தின்பதுபோல.
ஒரு சிறகு மட்டும்
சுற்றிச் சுற்றி, அவசரமே இல்லாமல்,
நாணலில் தட்டி
என் செருப்பருகே வந்து படுக்கிறது.

தொலைநோக்கியை இறக்குகிறான்.
இந்த வருஷத்தில் அவனுக்கு முதல் வல்லூறு.
மலர்ந்த முகம்
என்னைப் பார்த்ததும் அணைகிறது.
"மன்னித்துக்கொள்," என்கிறான்,
தானே பிடித்துத் தின்றதுபோல்.

பதினோரு வருஷமாய்
எதற்கும் அவன் சொல்லாத சொல்.
எதற்குச் சொன்னான் என்று நானும் கேட்கவில்லை.
"கணக்கில் சேரும்," என்கிறேன்.
"உயிரோடுதான் பார்த்தேன்."

திரும்பும் படகில் காற்று.
இடப்பக்கம் முப்பத்தொன்று.
வலப்பக்கம் பத்தொன்பது,
அந்தப் புகையை ஒன்றென்று எண்ணினால்.
சிறகை ரொட்டி சுற்றிய காகிதத்தில்
மடித்து வைத்துக்கொள்கிறேன்.
மிச்சமிருந்த துண்டை
அவன் பாதியாகப் பிய்த்து நீட்டுகிறான்.
உப்பு கம்மிதான்.