புதன்கிழமை வெப்பநிலை

நான் எடை பார்ப்பவள்.
ஆய்வறிக்கையில் என் பெயர் வராது;
வந்தால் கடைசி வரியில்,
நிதி தந்தவர்களுக்கெல்லாம் நன்றி சொன்ன பிறகு,
"மற்றும் இர்மா லெடூ".
புதன்கிழமைகளில் வெப்பமானியும் என் பொறுப்பு.

இருநூற்றுப் பதினொன்று முதல் பதினான்கு வரை
நான்கு பெண் ஆர்மடில்லோக்கள்.
ஒரே கரு நான்காகப் பிரிந்து பிறந்தவை.
அச்சில் வார்த்தாற்போல் என்று பார்க்க வருகிறவர்கள் சொல்வார்கள்.
எண்ணிப் பார்த்தவள் நான்:
நான்காம் பட்டையில் ஒருத்திக்கு அறுபது செதில்,
இன்னொருத்திக்கு ஐம்பத்தெட்டு.

இவற்றின் தாய் சதுப்பு நிலத்தில் பிடிபட்டவள்.
பதினேழு மாதம் தனிக்கூண்டு, அருகில் ஆணே இல்லை,
ஒரு மார்ச் காலையில் நான்கு குட்டிகள்.
இரவுக் காவலாளி ஆல்சிட் தன் மேல் பழி வராதென்று
சத்தியம் செய்தான்; சிரித்தோம்.
கருவைக் கருப்பைச் சுவரில் ஒட்டவிடாமல்
காலம் சரியில்லை, பொறு என்று
உள்ளேயே மிதக்க வைத்திருந்திருக்கிறாள்.

தொழுநோய்க் கிருமி கண்ணாடித் தட்டில் வளராது.
ரத்தம் வைத்துப் பார்த்தார்கள், முட்டைக்கரு, மாமிசச் சாறு,
நூறு வருடத்துக்கும் மேலாக, விதவிதமான விருந்து.
தொடவில்லை.
ஒன்று இரண்டாகவே அதற்கு இரண்டு வாரம்.
குளிர்ந்த இடம் வேண்டும்:
நம்மில் காதுமடல், மூக்கு நுனி, விரல்கள்.
நமக்குக் காதுமடலில் மட்டும் இருக்கும் குளிர்
இந்தப் பிராணிக்கு உடம்பு முழுவதும்.
முப்பத்து மூன்று டிகிரி. சில நாள் முப்பத்து நான்கு.

நோய் இவற்றினுடையதுமல்ல.
கப்பல்களில் வந்த நாம் கொடுத்தது.

விலங்குகளுக்குப் பெயர் வைக்கக் கூடாது,
இது விதி.
எனக்கொன்றும் புதிதில்லை.
என் அப்பாவின் சித்தப்பா க்ளோவிஸ்
ஆற்று வளைவிலிருந்த ஆஸ்பத்திரிக்குள் போனபோது
பெயரை வாசலில் கழற்றி வைத்துவிட்டுப் போனார்,
குடும்பத்துக்கு ஆகாதென்று.
அங்கே வேறு யாராகவோ புதைந்திருக்கிறார்.
யாராக என்று ஒருவரும் கேட்டு வைக்கவில்லை.

பிப்ரவரியில் பதினொன்றைத் திறந்தார்கள்.
ஈரல் மூன்றில் ஒரு பங்கு பெருத்திருந்தது.
வீக்கமில்லை, தழும்பில்லை, கட்டியில்லை;
நாளங்களும் பித்தக் குழாய்களும் ஒழுங்காக ஓட
புத்தம்புது ஈரல்.
ஒண்ட வந்தது வீட்டுக்காரியை விரட்டவில்லை,
தனக்கு இடம் போதவில்லையென்று
மாடி எடுத்துக் கட்டியிருக்கிறது.
டாக்டர் ஃபோன்டனோ அன்று மதியம் சாப்பிடவில்லை.
மனிதருக்கும் ஒரு நாள், என்றார்,
குடித்தே கெட்ட ஈரலுக்கும், என்றார்,
பிறகு தன் அண்ணனைப் பற்றி ஏதோ சொல்ல வந்து
கைகழுவப் போய்விட்டார்.
தராசில் அது இன்னும் இருந்தது.
எழுதிக்கொண்டேன். எழுதும்போது
என் ஈரக்குலை கொஞ்சம் நடுங்கியது,
அதை எழுதவில்லை.

பன்னிரண்டும் பதின்மூன்றும் அதே பாதையில்.
பதினான்குக்கு மட்டும் நோய் பிடிக்கவேயில்லை.
அதே ரத்தம், அதே நாள், அதே அளவு ஊசி.
மரபணுவைப் புரட்டிப் பார்த்தார்கள், நால்வருக்கும் ஒரே எழுத்து.
கூட்டத்தில் "தற்செயல்" என்ற சொல்லை
ஆளுக்கொரு முறை பயன்படுத்தினார்கள்.

நான் ஓரத்தில் எழுதிக் கொடுத்தேன்:
பதினான்கு வெந்நீர்க் குழாயை ஒட்டியே தூங்குகிறாள்.
மற்றவை அப்படி இல்லை.
ஃபோன்டனோ இரண்டு முறை படித்தார்.
இது தரவு ஆகாது இர்மா, என்றார், மரியாதையாகத்தான்.
"தூங்குகிறாள்" என்பதை "தூங்குகிறது" என்று திருத்தினார்.
சீட்டைக் கிழிக்கவில்லை. சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

இன்று புதன்.
வெளியே ஆற்றுப் பனி, என் காதுமடல்கள் சில்லிட்டிருக்கின்றன.
வெப்பமானியின் நுனி பட்டதும்
பதினான்கு நேராக மேலே குதித்தாள்.
சிறுத்தைகளை மிரட்டக் கற்ற வித்தை;
நெடுஞ்சாலையில் லாரிக்கடியில் அதுவே கொல்கிறது;
இங்கே என் முகவாயைப் பெயர்த்தது.

முப்பத்து நான்கு புள்ளி ஆறு.
உதட்டைத் துடைத்துவிட்டு
மறுபடி ஒரு முறை பார்த்தேன்.