நூற்றெண்பது பாகை

தேர்தல் முடிந்து
ஸ்டேஷனில் ஒப்படைத்திருந்ததை
ரசீது காட்டி மீட்டு வந்திருந்தார்கள்.
பதினொரு பேர், பதினொரு பிஸ்டல்.
எல்லாம் முப்பத்திரண்டு போர்.
இரண்டு மாதம் எண்ணெய் காணாத இரும்பில்
ஏட்டையா பீரோவின் பாச்சா உருண்டை வாசம்.

பணகுடிக்கு மேற்கே, கைவிட்ட கல்குவாரி.
மூன்று பக்கம் பாறை. திறந்த பக்கம் நாங்கள்.
ஆனிக் காற்று
காற்றாலைக்குப் போகிற வழியில்
எங்கள் அட்டைகளையும் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போகிறது.
ஃபிரிட்ஜ் பெட்டி கிழித்து வெட்டிய ஆட்கள்,
காலடியில் ஆளுக்கொரு ஜல்லி மூட்டை.
வெள்ளையடித்த ஒருவன் மட்டும் சுடக்கூடாதவன்.
அவனுக்கு நாங்கள் வைத்த பெயர் மாப்பிள்ளை:
முன்னால் வந்து நிற்பான், மேலே படக்கூடாது,
பட்டால் பத்துப் புள்ளி தண்டம்.

வார நாட்களில் நான் சர்வேயர்.
ஒரு முழம் தள்ளிக் கல் நட்டதற்கு
அண்ணனும் தம்பியும் அரிவாள் தேடிய வயலில்
நடுவே குனிந்து சங்கிலி பிடித்திருக்கிறேன்,
முதுகு கூச.
ஞாயிற்றுக்கிழமை கையில் டைமர்.
அளக்க ஒரே ஒரு கோடு.
அது தரையில் இல்லை.
பாறைக்கு இணையாக
சுடுகிறவரின் நெஞ்சு வழியே போகும்.
அவர் முன்னே ஓடினால் கூட ஓடும்,
அவர் திரும்பினால் திரும்பாது.
குழல்வாய் அதைத் தாண்டிப் பின்னால் பார்த்தால்
அன்றைக்கு அவ்வளவுதான்.

கிரேஸ்லின் ஆறாவது ஆள்.
வள்ளியூரில் பெட்ரோல் பங்க்.
ராத்திரிக் கலெக்‌ஷனைக் கொண்டுபோக வாங்கிய லைசென்ஸ்.
வலது இடுப்பில் உறை, இடதில் மூன்று மேகசின்.
பெல்ட் மட்டும் களக்காட்டில்
செருப்புத் தைப்பவரிடம் சொல்லிச் செய்தது.

"நிரப்பித் தயாராகுங்கள்."
"தயாரா?"
அவள் தலையாட்டவில்லை.
மறுக்காவிட்டால் சரி என்றுதான் விதி.
"பொறுங்கள்."
பீப்.

அட்டைக்கு இரண்டு, அட்டைக்கு இரண்டு.
மாப்பிள்ளையின் காதோரம் ஒன்று,
அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை.
இரும்புத் தட்டு டணார் என்று சாய்ந்தது.
ஓடுகையில் விரல் விசைக்கு வெளியே, நேராக.
நான் பார்ப்பது அதைத்தான், குறியை அல்ல.
புள்ளியை வினாடியால் வகுக்கிற ஆட்டம்;
அவசரக்காரனும் தோற்பான், நிதானக்காரனும் தோற்பான்.
அவள் அன்றைக்கு இரண்டுமில்லை.
"யம்மாடி" என்றார் பின்னால் யாரோ.

டயர் அடுக்கைச் சுற்றி இடப்பக்கம் திரும்பும்போது
மேகசின் மாற்றினாள்.
காலியானது புழுதியில் விழ
முழங்கை மடங்க
குழல்வாய்
உடைமரத்தடித் தண்ணீர்க் குடத்தை
ஒரு கணம் பார்த்தது.

குடத்தருகே யாரும் இல்லை.

"நிறுத்துங்கள்."

நின்றாள்.
குழல் பாறையை நோக்கி.
மேகசினை உருவி, அறையைத் திறந்து காட்ட,
எட்டிப் பார்த்தேன். காலி.
பாறையைப் பார்த்து வெற்றுச் சுத்தியல் ஒரு தட்டு.
உறைக்குள்.

விதியின் எண்ணைச் சொல்ல வாயெடுத்தேன்.
"எவ்வளவு அண்ணாச்சி?"
"நூத்தித் தொண்ணூறு இருக்கும்."
"இருக்கும். எனக்கே தெரிஞ்சிட்டு."

அவ்வளவுதான்.
சாட்சி கூப்பிடவில்லை,
தாசில்தாரிடம் போகவில்லை,
ராத்திரியோடு ராத்திரியாகக் கல்லைப் பிடுங்கி
ஓடையில் எறியவில்லை.
இருபத்திரண்டு வருஷ சர்வீஸில்
நான் காட்டிய கோடுகளில்
மறு அளவைக்கு மனு வராதது இது ஒன்று.

காரேறிப் போய்விடுவாள் என்று நினைத்தேன்.
துப்பாக்கியைப் பையில் வைத்துப் பூட்டிவிட்டு
பழுப்பு டேப் சுருளோடு வந்தாள்.
ஏழாவது ஆளுக்காக
தான் போட்ட ஓட்டைகளைத் தானே அடைத்தாள்.
நடுக்கட்டத்தில் ஜோடி ஜோடியாக,
ஒரு கட்டைவிரலில் மறைந்துவிடும் நெருக்கத்தில்.
ஒட்டுமுன் ஒவ்வொன்றையும்
ஒரு தரம் பார்த்துக்கொண்டாள்.

டைமரில் நின்றிருந்த எண்ணை நானும் பார்த்தேன்.
யாருக்கும் சொல்லாமல் அழித்தேன்.

காற்று டேப்பின் நுனியைத் தூக்க
நான் பிடித்துக்கொண்டேன், அவள் பல்லால் கடித்தாள்.
மாப்பிள்ளையிடம் வந்தோம்.
முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தோம்.
அவன்மேல் ஒட்ட ஒன்றுமில்லை.