நாலு சுழி

மாட்ரெட்சில், மூன்றாம் மாடியில்,
சப்பாத்து அலுமாரிக்கு மேலே ரவுட்டர்.
அதன் பக்கத்தில் இப்போது
சவர்க்காரக் கட்டி அளவில் ஒரு சின்னக் கணினி.
நாற்பத்தேழு பிராங்க், தபால் செலவு தனி.

பொருத்திய சனிக்கிழமை ஏரிப் பக்கமிருந்து
மூடுபனி சன்னல்வரை வந்து நின்றது.
நகமளவு அட்டையில் மென்பொருளை எழுதி,
வீட்டுக்குள் அதற்கு மாறாத இலக்கமொன்று கொடுத்து,
ரவுட்டரிடம் சொன்னேன்:
இனி யார் எந்த வாசலைத் தேடினாலும்
முதலில் இதைக் கேள்.

அவ்வளவுதான் அதன் வேலை.
பெயர் கேட்டால் இலக்கம் சொல்லும்.
விலக்குப் பட்டியலில் உள்ள பெயரென்றால்
சுழி புள்ளி சுழி புள்ளி சுழி புள்ளி சுழி.
அப்படியொரு வீடே இல்லையென்று
முகம் மாறாமல் பொய் சொல்லும்.

சமையல் குறிப்பின் மேல் மிதந்த
நகைக்கடைத் தள்ளுபடி போனது.
ஆரணியின் விளையாட்டுக்குள்
நினைத்த நேரம் குதித்த பச்சைப் பூதம் போனது.
பள்ளிக்கூடச் செயலியும் போனது.
பொதி எங்கே நிற்கிறதென்று காட்டும் இணைப்பும்.
திங்கள் இரவு இரண்டையும் தேடிப் பிடித்து விடுவித்தேன்.
களை பிடுங்கினால்
கீரையும் கொஞ்சம் கையோடு வரும்.

பிறகுதான் பதிவேட்டைத் திறந்தேன்.

யார், எத்தனை மணிக்கு, எதைக் கேட்டார்.
அணைத்து வைத்த தொலைக்காட்சி
ஒரே இரவில் இரண்டாயிரத்து நூற்றுப் பதினாறு தரம்
யாரையோ கூப்பிட்டிருக்கிறது.
அச்சுப்பொறிகூட, மை தீர்ந்த அச்சுப்பொறி,
விடிய நாலு மணிக்கு ஒருதரம் முனகியிருக்கிறது.

அதற்கும் கீழே
தவரூபனின் கைபேசி.
இரண்டு நாற்பது. இரண்டு நாற்பத்தொன்று. இரண்டு நாற்பத்தொன்று.
சில்லு சுழலும் சூதாட்டத் தளம்.
பகலெல்லாம் கடிகாரக் கூடு மினுக்கும் விரல்கள்.
தெரியும் என்று சொல்லமாட்டேன்.
தெரியாது என்றும் சொல்லமாட்டேன்.
குளியலறைக் கதவின் கீழ் ஒழுகிய வெளிச்சத்தை
வயிற்றுக் கோளாறென்று எண்ணப் பழகியிருந்தேன்.

கேட்கவில்லை. பட்டியலில் ஒரு வரி சேர்த்தேன்.
அன்றிரவு அவனுடைய சில்லு
சுழலாமலே சுழியில் நின்றது.
சுழி சரியில்லை என்று நாங்கள் சொல்வது
வேறு கணக்கு.

காலையில், "வைஃபை வேலை செய்யுதில்லை" என்றான்.
"அப்பிடியோ" என்றேன்.
ரவுட்டரை மூன்று தரம் அணைத்துப் போட்டான்,
சின்னக் கணினியைத் தொடவில்லை.

வியாழன் இரவு,
இரண்டு நாற்பதிலிருந்து மூன்று இருபதுவரை,
பதிவேட்டில் அவன் கைபேசியே இல்லை.
வீட்டு வலையை விட்டிறங்கி
சிம் அட்டையின் வழியே போயிருக்கிறான்.
முன்கதவைப் பூட்டியவளுக்கு
பின்கதவு அவன் சட்டைப்பையில் என்பது
முன்னமே தெரிந்திருக்கவேண்டும்.

ஞாயிறு, ஆரணி நீச்சலுக்குப் போன நேரம்,
மடிக்கணினியை அவன் பக்கம் திருப்பினேன்.
நிறைய நேரம் பார்த்தான். தேநீரில் ஆடை படர்ந்தது.
ஆனால் விரல் போய் நின்றது
அவனுடைய வரியில் அல்ல,
கொஞ்சம் மேலே.

என் கைபேசி. புதன். ஒன்று பத்து.
வாடகை வீடு தேடும் தளம்.

இந்த வீட்டில் எல்லாம் எழுதப்படுகிறதென்று
தெரிந்த ஒரே ஆள் நான்.

"எங்கை?"
"சோலோத்தூர்ன் பக்கம்."
"எத்தினை அறை?"
"ஒன்றரை."

மாடிப்படியில் யாரோ பிரெஞ்சில் சிரித்தபடி இறங்கினார்கள்.
அணைந்து கிடந்த தொலைக்காட்சி
நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே
இன்னும் மூன்று தரம் கூப்பிட்டது.

"முதல் உந்த டிவியின்ரை வாயைக் கட்டு" என்றான்.

கட்டினேன்.
அடுத்தது எந்த வரி என்று
இருவரும் திரையைப் பார்த்தபடி இருந்தோம்.