பின் எடை

வாலிநோக்கம் உப்பளத்தில்
சின்ன டிராக்டருக்கு முன்னால் வாளி பொருத்திய நாளிலிருந்து
எனக்கும் பூச்செண்டுக்கும் வேறு வேலை.
வாளி நிறைய உப்பள்ளி அது தலையைத் தூக்கினால்
பின்சக்கரம் இரண்டும் தரையை விட்டுவிடும்.
அந்தரத்தில் சுற்றும்.
லாரிக்காரன் சிரிப்பான்.
அதனால் நாங்கள் ஏறி நிற்போம் பின்னால்,
இழுவைக் கம்பியில் ஒரு காலும்
மட்கார்டில் ஒரு கையுமாக.
பூச்செண்டு அறுபத்திரண்டு. நான் ஐம்பத்தொன்று.
ரேசன் கடைத் தராசில் நிறுத்துப் பார்த்துத்தான்
எடுத்தார் சீனி உதுமான்.
நோஞ்சான் என்று ராக்குவைத் திருப்பி அனுப்பினார்.

சும்மா நிற்பதற்கா சம்பளம் என்று
என் வீட்டுக்காரர்கூடக் கேட்டார்.
வரப்பு குலுக்கும் குலுக்கில்
கண்ணில் உப்புத்தூள் விழ
சும்மா நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஆடிக் காற்றில் ஒருநாள் பூச்செண்டு விழுந்தாள்.
டயர் சேலையைத்தான் தின்றது, காலை இல்லை.
மறுநாளே
சாயல்குடியிலிருந்து வந்தார் வெல்டர் கோட்டைச்சாமி
பாதியாய் அறுத்த நீல டிரம்மோடு.

அடியில் குறுக்கே ஒரு கம்பி,
மேலே நெட்டுக்குத்தலாய் ஓட்டை போட்ட பட்டை.
சிமெண்டு இரண்டு மூட்டைதான் இருந்தது.
மீதிக்கு இரும்பைப் போடு என்றார்.
இந்தக் கரையில் இரும்புக்கா பஞ்சம்:
கொக்கி உடைந்த நங்கூரம்,
கப்பல் உடைத்த காலத்துத் தகட்டுத் துண்டு,
துருவேறிய சங்கிலி.
உதுமான் தன் மூடிய மளிகைக் கடையிலிருந்து
ஒரு சாக்கு எடைக்கல் கொண்டுவந்தார்.
முத்திரை போட மறுத்த கற்கள்.
ஒரு கிலோ என்று சொல்லி
தொள்ளாயிரத்துச் சொச்சத்தில் நின்றவை.
பூச்செண்டு ஒவ்வொன்றாய்ப் போட்டாள்,
“ஏ மொதலாளி, எங்க பருப்பெல்லாம் இங்கதான் போச்சா?”
அவர் கடலைப் பார்த்தார்.

தண்ணீர் நான்தான் ஊற்றினேன். நல்ல தண்ணீர்,
குடம் பன்னிரண்டு ரூபாய்.
உப்புத்தண்ணி கம்பியைத் தின்றுவிடுமாம்.
ஏழு நாள் ஈரச்சாக்கு போர்த்தி வைத்தோம்.
பிள்ளை பெற்றவளுக்குக்கூட இந்த ஊரில்
அத்தனை நல்ல தண்ணீர் கிடையாது.

காய்ந்த பிறகுதான் தெரிந்தது:
டிராக்டர் நுழையாத மூலையில் வைத்து
ஊற்றியிருக்கிறோம்.
கனமாக இருக்கவேண்டும் என்று பாடுபட்டவர்கள் யாரும்
அது கனக்கும் என்று நினைக்கவில்லை.
ஒன்பது பேர், மூன்று கடப்பாரை,
பொழுது சாயும்வரை நெம்பினோம்.
வையாத கெட்டவார்த்தை பாக்கியில்லை.

முதல் வாளி எழுந்தது.
பின்சக்கரம் அசையவில்லை.
லாரிக்காரன் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு
வேறு பக்கம் திரும்பினான்.
டிரம்முக்கு மத்தியானச் சோறு வேண்டாம்,
தீபாவளிக்குச் சேலை வேண்டாம் என்று
உதுமான் சொல்லவில்லை. நாங்கள்தான் சொல்லிக்கொண்டோம்.

இப்போது பாத்தியில் உப்பு வாருகிறோம்.
கூலி அதேதான், இடுப்பு வலி கூடுதல்.
விழ இடமில்லை என்கிறாள் பூச்செண்டு.
எனக்கு மட்டும்,
தூரத்தில் வாளி தலையைத் தூக்கும்போதெல்லாம்
கால்விரல்கள் தாமாக மடங்கி
சேற்றை இறுக்கிப் பிடிக்கின்றன.