தலைக்கு முன்னால்

தலையைத் திறக்க நாள் குறித்தவர்கள்
முதலில் காலைக் காட்டச் சொன்னார்கள்.

"கட்டி தலையிலல்லா இருக்கு டாக்டரம்மா"
என்றார் இவர். மேலப்பாளையத்தில் ஆட்டோ ஓட்டுகிறவர்,
சந்தை முக்குக்கு ஏறின ஆளைச்
சந்தை முக்கில்தான் இறக்குவார்.

ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் ஓர் இருட்டறை.
"செய்யதலி பாத்திமா, நாற்பத்தேழு" என்று
வாசித்துச் சரிபார்த்தாள் ஜெபக்கனி.
பாவாடையைச் சுருட்டச் சொல்லி
நுங்குத் தண்ணீர் போல ஒரு பசையை ஊற்றினாள்.
வெளியே வெயில் ரோட்டை உரித்துக்கொண்டிருந்தது.
உள்ளே எனக்குப் பல் கிட்டியது.

திரையில் இரண்டு வட்டம்.
ஒன்று துடித்தது, மற்றது சும்மா கிடந்தது.
கருவியால் அழுத்தினாள்.
சும்மா கிடந்தது கண்ணை மூடிக்கொண்டது.
"இப்படி மூடணும்க்கா. மூடினா அடைப்பு இல்ல."
தொடையிலிருந்து கீழே, இன்னும் கீழே,
அழுத்த அழுத்த
வலது கால் முழுக்கத் தூங்கப் போனது.

இந்த அழுத்தம் எனக்குத் தெரியும்.
முப்பது வருசமாகப் பீடி சுற்றுகிறேன்.
கம்பெனிக் கடையில் செக்கர் இப்படித்தான்
கட்டிலிருந்து ஒன்றை உருவி
இரண்டு விரலால் நசுக்குவான்.
அமுங்கினால் நல்ல பீடி.
அமுங்காவிட்டால், தூள் அடைத்துக் கட்டையாகிவிட்டது என்று
பக்கத்தில் எறிவான். எறிந்ததற்குக் கூலி கிடையாது.
இடது கை மறந்துபோய், நுனி மடக்க வராமல்
ஒரு மாதம் முழுக்க என் கட்டுகள் கழிந்தபோதுதான்
தலையைப் படம் எடுத்தோம்.

இடது முட்டிக்குப் பின்னால்
வட்டம் மூடவில்லை.
இன்னும் அழுத்தினாள். மூடவில்லை.
உள்ளே சாம்பலாக என்னவோ அடைத்திருந்தது.
அதுவரை சமாதானபுரத்துப் பஸ் தாமதமான கதையைச்
சொல்லிக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டாள்.
பட்டன் தட்டுகிற சத்தம் மட்டும்.
நான் ஒன்றும் கேட்கவில்லை.
கழித்த பீடியை என்றைக்குக் கேட்டுத் திரும்ப வாங்கினேன்?

உறைந்த துண்டு கிளம்பினால் நெஞ்சுக்குப் போகும்,
இளக்க ஊசி போட்டால்
தலையில் கை வைக்கும்போது ரத்தம் நிற்காது,
போடாமல் மேசையில் ஏற்றினால்
என்று தொடங்கிய டாக்டரம்மா
மிச்சத்தைச் சொல்லாமல் பேனாவை மூடினார்.
ஒரே ரத்தம்.
காலில் ஓடு என்கிறார்கள், தலையில் நில் என்கிறார்கள்.
யார் பேச்சைத்தான் கேட்கும் அது?

கடைசியில், வயிற்றுக்குள் போகிற பெரிய ரத்தக்குழாயில்
குடைக்கம்பி மாதிரி ஒரு வலை,
வியாழனுக்குப் பதில் அடுத்த செவ்வாய் தலை
என்று முடிவானது.
"வலை அட்டையில வருமா?" இவர் கேட்டார்.
"எழுதிப் பார்க்கலாம்" என்றார்கள்.

"கால் வீங்கினது தெரியலையாம்மா?"
தெரியலை என்றேன்.

பொய்.
மாசி மாதத்திலிருந்து இடது கொலுசு இறுகியது.
தட்டை மடியில் வைத்துக் காலை மடக்கியிருந்துவிட்டு
அஸருக்கு எழுந்தால் கெண்டை சுடும்.
கொக்கியை இரண்டு வளையம் தள்ளி மாட்டிக்கொண்டேன்.
அவ்வளவுதான் வைத்தியம்.
படம் எடுக்கக் கொலுசைக் கழற்றிய அன்றைக்கும்
யார் கண்ணிலும் அது படவில்லை.
தலையைத்தானே பார்த்தார்கள்.

செவ்வாய் விடியல்.
மழித்த தலைக்கு ஃபேன் காற்று புதுசாக இருந்தது.
நர்ஸ் கொலுசுகளைக் கழற்றி இவரிடம் கொடுத்தார்.
இரண்டையும் சேர்த்துத் தொங்கவிட்டுப் பார்த்தார்,
ஒன்று நீளம், ஒன்று குட்டை.
என்னைப் பார்க்கவில்லை.
நீளமானதின் கொக்கியைக் கழற்றி
பழைய வளையத்திலேயே மாட்டி
சட்டைப் பையில் போட்டார்,
மேலே ஒரு தடவை தட்டிக்கொண்டார்.