மிச்சம் எட்டுக் குகை

அப்பா கிளீனிங் செய்த கந்தோரில்
எறிய ஒதுக்கின கொம்பியூட்டர்.
மொன்றியலின் கடைசி பஸ்ஸில்
தன் ஜாக்கெட்டைக் கழற்றி அதற்குப் போர்த்தி
மடியில் வைத்துக் கொண்டுவந்தார்.
மூன்று கிழமை இருமினார்.

அதற்குள் ஒரு விளையாட்டு கிடந்தது.
மஞ்சள் சப்பாத்துப் போட்ட குட்டை மனிதன்,
பச்சைப் பாசிக் குகை,
முள்ளுக்கு மேலால் பாய்ந்து சாவி எடுத்தால்
ஒரு கதவு.
கதவைத் தொட்டதும் நீலத் திரை:
மிச்ச எட்டுக் குகைக்கும்
ஒஹாயோ விலாசத்துக்கு முப்பது டொலர் அனுப்பவும்.

பள்ளிக்கூடம் பிரெஞ்சில், வீடு தமிழில்,
முப்பது டொலர் மட்டும் எந்த மொழியிலும் விளங்கியது.
ஏழு டொலர் சேர்த்தோம்.
அது பால் வாங்கப் போய்விட்டது.

துவாரகனுக்கு ஆறு வயது.
"கதவுக்கு அங்கால என்ன அக்கா?"
கண்டவள் மாதிரிச் சொன்னேன்.

இரண்டாம் குகை பேஸ்மென்டில்,
உடுப்புத் தோய்க்கிற மெஷின்கள் வாயைத் திறந்து மூடும்
குவாட்டர் போட்டால்தான் வழிவிடும்.
மூன்றாவது எங்கள் லிப்ட்,
நாலாம் மாடிக்கும் ஐந்துக்கும் நடுவில் நின்றுவிடும்.
நாலாவதில் பாயவே கூடாது.
நம்பர் துண்டை எடுத்துக்கொண்டு கதிரையில் இரு.
உன் பேரைப் பிழையாகத்தான் கூப்பிடுவினம்,
எழும்பிப் போ.

இப்படி ஏழு வரைக்கும் வந்தோம்.
அதற்குள் அப்பாவுக்கு ரொறன்ரோவில் வேலை.
லொறியில் கட்டில் ஏறியது, அரிசி மூட்டை ஏறியது,
கொம்பியூட்டருக்கு இடமில்லை.

போன கிழமை பிள்ளைகள் படுத்த பிறகு
சும்மா தேடிப் பார்த்தேன்.
இருந்தது. முழுசாக. காசில்லாமல்.
விரல் ஒன்றையும் மறக்கவில்லை,
முள், பாய்ச்சல், சாவி.
கதவு திறந்தது.

அங்கால அதே குகை.
பாசி மட்டும் ஊதா.

படமெடுத்துக் கல்கரிக்கு அனுப்பினேன்.
உடனே போன் அடித்தான்.
"இது வேற கேம்.
எங்கட கேமில ரெண்டாவது லோண்ட்ரி ரூம்."
விளங்கப்படுத்தினேன். கேட்கவில்லை.
"எட்டாவது என்னெண்டு நீ கடைசிவரை சொல்லேல்ல."

கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன்.
மார்க்கம் முழுக்க ஸ்னோ கொட்டிக்கொண்டிருந்தது,
அள்ளுகிற வண்டி இன்னும் வரவில்லை.

"பஸ்," என்றேன். "கடைசி பஸ்.
ஜாக்கெட் இல்லாத ஒராள்,
மடியில பாரமான சாமான்.
இறங்குமட்டும் அது நனையாமல் பாக்கவேணும்,
அவ்வளவுதான்."

கனநேரம் ஒன்றும் சொல்லவில்லை.
பிறகு கேட்டான்,
"இருமல் சத்தமும் வருமா?"