மாவு பொங்காத நாட்கள்

அந்த நாட்களில் மாவைத் தொடாதே என்பாள் அத்தை.
தொட்டால் பொங்காதாம்.
நுவோரோவில் எங்கள் ரொட்டிக்கடைக்கு
எதிரே மருந்துக்கடை, அதற்கடுத்துக் கைப்பேசிக்கடை;
இருந்தும் இந்தச் சட்டம் மட்டும்
எழுதாமலே அடுப்படிச் சுவரில் ஒட்டியிருக்கிறது.

சரி அத்தை, தொடவில்லை.
முக்காலியில் உட்கார்ந்து நீ தேய்ப்பதைப் பார்க்கிறேன்.
கரசாவ் ரொட்டி
அடுப்புக்குள் பந்தாய் ஊதி எழுகிறது.
ஒரு வட்டில் எத்தனை கிராம் மாவுச்சத்து?
உனக்குத் தெரியாது.
பத்து வயதிலிருந்து
இந்த வீட்டின் தராசு நான்.

அந்த நாட்களில் பொங்குவது வேறொன்று.
வருவதற்கு நாலு நாள் முன்பே
கையில் ஒட்டிய சென்சார் கத்தத் தொடங்கும்.
இருநூற்றுப் பத்து. இருநூற்று அறுபது.
அதே ரொட்டி, அதே ஊசி, அதே நான்.
முன்னூறு.
வந்த அன்று
கயிறறுந்த வாளிபோல் அறுபதுக்கு விழும்.
வரலாற்று வகுப்பில் உதடு மரத்துப்போய்
பழச்சாற்றுப் பெட்டியில் குழலைச் செருக முடியாமல்
விரல் நடுங்கியபோது
பக்கத்து பெஞ்ச் இலாரியோ
ஒன்றும் கேட்காமல் செருகிக் கொடுத்தான்.
அவனைப் பற்றி இப்போதைக்கு இவ்வளவுதான்.

கால்யரி ஆஸ்பத்திரிக்கு இரண்டரை மணி நேரம் பேருந்து.
டாக்டர் மெலிஸ் திரையில் என் மலைகளைப் பார்ப்பார்.
"சாக்லேட்டா, கவீனா?"
அம்மா என்னைப் பார்ப்பாள்.
நான் தரையோடுகளை எண்ணுவேன்.
மேசைக்கும் கதவுக்கும் நடுவே பதினேழு.
ஆறு தடவை போனோம், ஆறு தடவையும் பதினேழு.
டாக்டரும் பெண்தான்.
அதுதான் எனக்குக் கூடுதல் கோபம்.

ஏழாம் தடவை
நாட்காட்டியைக் கிழித்துக் கொண்டுபோனேன்.
ஒன்பது மாதங்கள், சிவப்பு மையில் புள்ளிகள்.
அம்மா கீழே காப்பி வரிசையில் நின்றாள்.
திரைக்குப் பக்கத்தில் காகிதத்தைப் பிடித்தேன்.
மலை, பிறகு புள்ளி.
மலை, பிறகு புள்ளி.
ஒரு மலைகூட வழி தவறவில்லை.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
துடைக்க அதில் ஒன்றுமில்லை.
"நான்தான் கேட்டிருக்க வேண்டும்" என்றார்.
மேசையைச் சுற்றி வந்து
என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.
மலைக்கு முன் மருந்தை எவ்வளவு கூட்டலாம்,
புள்ளியன்று எப்படிக் குறைக்கலாம்,
என் காகிதத்திலேயே பென்சிலால் எழுதினார்.

"வேறு ஏதாவது?"

எங்கள் வீட்டில் ரொட்டிக்கு இருபது பெயர்.
அதற்கு ஒரே பெயர்: கீழே.
கீழே அரிக்கிறது என்றேன்.
சைக்கிளில் உட்கார முடியாத வாரங்கள் என்றேன்.
ஓட்டைப் பார்த்துச் சொன்னேன், பதினேழாவதை.

"ஈஸ்ட்" என்றார்.
"சர்க்கரை கண்டால் பெருகும். களிம்பில் போய்விடும்.
உன் அழுக்கால் வந்ததில்லை, உன் தப்புமில்லை."

ஈஸ்ட்டா!
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
அத்தை, கேட்டாயா,
ரொட்டிக்காரி மகளுக்குள்ளேயே பொங்குகிறதாம்!
டாக்டருக்குப் புரியவில்லை. கூடச் சிரித்தார்.

சிரித்த வேகத்தில் கேட்டுவிட்டேன்,
பதினோரு வயதில் கடை வரிசையில்
யாரோ என் முதுகுக்குப் பின்னால் கேட்டதை:
பாவம், இதற்கெல்லாம் பிள்ளை பிறக்குமா?

"பிறக்கும். ஆனால் எதேச்சையாக வேண்டாம்.
மாதக்கணக்கில் முன்கூட்டியே
சர்க்கரையை இறக்கிவைத்துவிட்டு.
அதுவரை தள்ளிப்போட வழிகள் இருக்கின்றன,
உனக்கு ஒத்துவருவதைச் சேர்ந்தே பார்க்கலாம்.
எப்போதும் வேண்டாம் என்றாலும்
அதுவும் உன் முடிவு."

அம்மா இரண்டு காப்பியோடு வந்தாள்.
"என்ன சொன்னார்?"
"சாக்லேட் இல்லையாம்."
பேருந்தில் மீதியையும் சொன்னேன்.
மக்கோமெர் தாண்டும்வரை அவள் பேசவில்லை.
பிறகு, எனக்கும் அப்படித்தான் அரிக்கும், என்றாள்,
ஜன்னலிடம்.

அடுத்த புள்ளியன்று விடிகாலை மூன்று மணி.
அத்தை வருமுன்
முழங்கைவரை மாவில் கைவிட்டேன்.
நடுவில் சென்சார் கத்தியது, எழுபது.
சூடாக ஒரு வட்டைப் பிய்த்துத் தின்றேன்.
மீதி நாற்பது வட்டும்
ஒன்பது மணிக்குள் விற்றுப்போயின.